லான்மொய் கட்டாத அட்டைகள்

பாங் லான்மொய்யின் நாக்கு பொல்லாதது என்று அந்த அரசு நாற்றங்காலில் எல்லோரும் சொல்வார்கள். அவள் பேச்சைத்தான் சொல்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பேச்சும் பொல்லாததுதான். ஆனால் அவர்கள் சொன்னது இன்னொன்றை. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு இலவங்கப்பட்டை மரத்தின் இலையைக் கையில் கொடுத்தால், இரண்டு மெல்லு மென்று, "கிழக்கு முகடு, ஏழாம் நம்பர் மரம்" என்பாள். பந்தயம் கட்டியவர்கள் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பன்றி இறைச்சித் துண்டை அவளிடம் தோற்றுவிட்டுப் போவார்கள்.

மியாவ்லி மலைச்சரிவில் தேயிலை பறிக்கும் ஹக்கா குடும்பத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். பதினேழு வயதில் தைபேய்க்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தின் மர வேதியியல் கூடத்தில் குடுவை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே பார்த்தாள். இலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்குவதையும், வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தட்டில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு வைத்து, தட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்துவதையும் பார்த்தாள். கரைப்பான் மேலே ஏற ஏற, எண்ணெய்க்குள் கலந்திருந்த ஒவ்வொரு சத்தும் தன் தன் உயரத்தில் தனித்தனியாக நின்றுகொள்ளும். மருந்து தெளித்தால் நிறம் காட்டும். மூன்றாம் வருஷம் ஒரு மாணவி காய்ச்சலில் படுத்தபோது லான்மொய் தானாகவே எட்டுத் தட்டுகளை ஓட்டி வைத்திருந்தாள். அந்த மாணவியின் பெயர் லியென் பெய்ஜுன். அவள் திரும்பி வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னுதைவிட உன்னுது நேரா ஓடியிருக்கே!" என்று சண்டைக்கு வந்தாள். அதிலிருந்து இருவரும் தோழிகள். பதினான்கு வருஷம் லான்மொய் அங்கே தட்டு ஓட்டினாள். சம்பளப் பட்டியலில் கடைசி வரை குடுவை கழுவுகிறவள் என்றுதான் இருந்தது.

கல்யாணம் ஆகி, கணவன் யுன்ஃபாட்டோடு மலைக்கே திரும்பினாள். அவன் ரம்பம், களைவெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பழுது பார்க்கிறவன். அவளுக்கு நாற்றங்காலில் நாலாம் நிலை ஊழியர் வேலை கிடைத்தது. அந்த நேரத்தில் அரசாங்கம் நாட்டுப் பட்டை மரத்தைப் பெருக்க விரும்பியது. சமையலுக்கு வாங்கும் பட்டைக்கு மரத்தின் தோலை உரிக்க வேண்டும். இந்த மரத்துக்கு அது வேண்டாம், இலையிலேயே பட்டையின் காரமும் இனிப்பும் இருக்கும். ஆனால் எல்லா மரத்திலும் இருக்காது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று பட்டையாக மணக்கும், மற்றது சோப்பாக மணக்கும். லான்மொய் முகடு முகடாக ஏறி அறுபது மரங்களின் இலையைக் கொண்டுவந்து, மென்றும் தட்டில் ஓட்டியும் பதினொரு மரங்களைத் தேர்ந்தாள். அவற்றின் கிளையிலிருந்து வெட்டிய போத்துகளை நாற்றங்காலின் கீழ்ப்பக்கத்தில், வாசலை ஒட்டி நட்டு, விதைக்கான தோப்பு ஒன்றை வளர்த்தாள். ஆறேழு வருஷத்தில் அவை பூத்துக் காய்த்தன. அந்த விதையில் முளைத்த கன்றுகள் மலை விவசாயிகளுக்குப் போகத் தொடங்கின.

2001 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, தாஹெஸ் என்ற சாய்சியாத் பழங்குடி விவசாயி தன் குட்டி லாரியை நாற்றங்கால் வாசலில் குறுக்காக நிறுத்தினான். ஒரு சாக்கு நிறையக் காய்ந்த இலையைத் தூக்கி வந்து அவள் காலடியில் கொட்டினான்.

"அக்கா, நாலு வருஷம் முன்னாடி முந்நூறு கன்னு கொடுத்தீங்க. இந்த வருஷம்தான் முதல் அறுப்பு. தேயிலைப் பொட்டலம் போடுற கம்பெனிக்காரன் மூக்குல வச்சுப் பாத்துட்டு, செருப்புக்கு அடியில வைக்கக்கூட ஆகாதுன்னு திருப்பிட்டான்."

"காய வச்சது சரியில்லையா இருக்கும், தம்பி."

"என் பாட்டன் காலத்துல இருந்து காட்டுல இலை காய வைக்கிறோம். எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? மென்னு பாருங்க."

மென்றாள். முதலில் லேசாகப் பட்டைச் சுவை வந்தது. அடுத்த நொடியே நாக்கின் நடுவில் ஜில்லென்று ஒன்று பரவியது. பச்சைக் கற்பூரம். அவள் தேர்ந்த பதினொரு மரங்களிலும் அது கிடையாது. வேறொரு இலையை எடுத்தாள். அது சுத்தமான பட்டை. மூன்றாவது மறுபடியும் ஜில்லென்றது.

"எல்லாம் ஒரே தோட்டமா?"

"ஒரே தோட்டம். ஒரே நாள் நட்டது. என்ன, ஆளை ஏமாத்துற வேலையா அக்கா இது?"

அவள் வாயிலிருந்ததைத் துப்பினாள். நேராகக் கன்றுப் பாத்திகளுக்கு நடந்தாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி மரம் நடும் நாளில் கொடுப்பதற்காக முப்பத்தெட்டாயிரம் கன்றுகள் வரிசை கட்டி நின்றன. வரிசைக்கு ஒரு இலை கிள்ளி மென்றுகொண்டே போனாள். மென்று துப்பி, தண்ணீர் கொப்பளித்து, மறுபடியும் மென்றாள். மதியத்துக்குள் நாக்கு மரத்துப்போனது. அதற்குள் தெரிந்துவிட்டது: மூன்றில் ஒன்று கற்பூரம். தாஹெஸ் அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"நீ சொன்னது சரி. என் கன்னுலதான் கோளாறு. கம்பெனிக்காரன்மேல கோவப்படாதே."

நாற்றங்காலின் தலைவர் வெய் தேசுன் கெட்ட மனிதர் இல்லை. ஐம்பத்து மூன்று வயது. இளைஞனாக அங்கே பயிற்சிக்கு வந்தவர், வேறு எங்கும் போகாமல் அங்கேயே தலைவரானவர். கன்று கொடுக்கும் விழாவுக்கு மாவட்டத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். பத்திரிகைக்கும் சொல்லியாகிவிட்டது.

"லான்மொய், நீங்களே அறுபது மரத்தை மென்னு பாத்தவங்க. நாட்டுப் பட்டையிலயே பட்டை வாசம் இருக்கும், சோப்பு வாசம் இருக்கும், கற்பூர வாசமும் இருக்கலாம். இலையோட வாசம் மாறுறதால இனம் மாறிடுமா? இதை நீங்கதான் எனக்கு ஒருதரம் சொன்னீங்க."

"சொன்னேன். அது உண்மைதான், தலைவரே."

"அப்புறம் என்ன?"

"வாசம் மாறும். ஆனா என் பதினோரு மரமும் சுத்தமான பட்டை. அதோட பிள்ளைங்களுக்கு மட்டும் இந்தக் கற்பூரம் எங்கிருந்து வந்துச்சு?"

வெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க நாக்கை நம்பி முப்பத்தெட்டாயிரம் கன்னை நான் நிறுத்த முடியாது."

"நாக்கை நம்ப வேணாம். தட்டைப் பாருங்க."

பெய்ஜுன் இப்போது தைசுங்கில் தாவர மரபணுக் கூடம் ஒன்றுக்குத் தலைவி. லான்மொய் கேட்டதும் இரண்டு பெட்டி தட்டுகளையும் மருந்துப் புட்டிகளையும் பேருந்தில் போட்டு அனுப்பினாள். யுன்ஃபாட் தன் பட்டறையின் ஒரு மூலையைக் காலி செய்து கொடுத்தான். "இந்த நாத்தத்துக்கு என் பெட்ரோல் வாசமே தேவலை" என்று முனகிக்கொண்டே ஜன்னலில் ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தான்.

பட்டைச் சத்துக்கு ஒரு மருந்து. தெளித்தால் செம்மஞ்சளாகப் புள்ளி எழும். கற்பூர வகைக்கு இன்னொரு மருந்து. தெளித்துச் சூடாக்கினால் ஊதா. நாற்பது கன்றுகளின் இலையை ஓட்டினாள். இருபத்தாறு கன்றுகளில் செம்மஞ்சள் மட்டும். பதினான்கில் மங்கலான செம்மஞ்சளும் அதற்கு மேலே தடியான ஊதாவும். தட்டுகளைத் துணியில் சுற்றி வெய்யின் மேசைமேல் அடுக்கினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவற்றை அவள் பக்கமே நகர்த்திவிட்டார்.

"நிறம் அழகா இருக்கு. ஆனா இது வீட்டுப் பட்டறையில ஒரு நாலாம் நிலை ஊழியர் செஞ்சது. இதை மேலிடத்துக்கு அனுப்பினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அனுப்புங்க."

அவர் அனுப்பவில்லை. மறுநாள் அட்டைக் கட்டுகள் வந்து இறங்கின. பச்சை எழுத்தில் 'நாட்டுப் பட்டை, தூய இனம்' என்று அச்சடித்த அட்டைகள். கன்றுக்கு ஒன்று கட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஊழியர்களில் மூத்தவள் என்பதால், கட்டி முடித்ததும் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டியவளும் லான்மொய்தான். அவள் அட்டைக் கட்டைப் பிரிக்கவே இல்லை. எழுத்தில் உத்தரவு வந்தது. அந்த உத்தரவின் அடியிலேயே எழுதினாள்: 'படித்தேன். இது தூய இனம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பாங் லான்மொய்.'

அவளைப் பாத்தி வேலையிலிருந்து எடுத்து, பார்வையாளர் கழிப்பறைகளைக் கழுவப் போட்டார்கள். கழுவினாள், பளிச்சென்று. மற்ற ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டை கட்டினார்கள். ஒருத்தி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"லான் அக்கா, ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?"

"ஒண்ணும் குறையாது. நாலு வருஷம் கழிச்சு இன்னொரு தாஹெஸ் சாக்கோட வருவான். அப்ப நீ போய் அவன்கிட்ட பேசுறியா?"

மரம் நடும் நாள் காலையில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. பந்தல், ஒலிபெருக்கி, மாவட்டப் பெரியவர்களுக்கு நாற்காலி, அத்தனையும் ஏற்பாடாகியிருந்தது. லான்மொய் அன்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டு உடையில், தலையில் பூத்துணி கட்டிய தொப்பியோடு, கன்று ஏற்றும் இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். முதல் ஆள் தன் கன்றுகளை வாங்கித் திரும்பியதும் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு இலையைக் கிள்ளி வாயில போடுங்க."

"எதுக்கு?"

"பட்டையா கற்பூரமான்னு நீங்களே சொல்லுங்க."

அவன் மென்றான். முகத்தைச் சுளித்தான். "ஐயே, இருமலுக்கு நெஞ்சுல தேய்க்கிற தைலம் மாதிரி இருக்கே!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது ஆளும் கிள்ளினான். மூன்றாவது ஒரு கிழவி. தன் கன்றையும் விட்டுவிட்டுப் பக்கத்துக்காரன் கன்றிலும் கிள்ளினாள். கால் மணி நேரத்தில் வரிசை முழுக்க வாய் அசைந்துகொண்டிருந்தது. "எனக்குப் பட்டை!" "எனக்குத் தைலம்!" "உன்னுதுல பாதியை எனக்குக் கொடுடா!" என்று சத்தம் கிளம்பியது. வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தவர் ஒலிபெருக்கி இருந்தும் போட்டி போட முடியாமல் பேச்சை நிறுத்தினார். தாஹெஸ் ஒரு வண்டியின் மேல் ஏறி, "தைலம் வந்தவங்க எல்லாம் இடது பக்கம் வாங்க!" என்று கத்தினான். இடது பக்கத்துக் கூட்டத்தை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வெய் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன செய்றீங்க? இது அரசாங்க விழா!"

"நான் ஒண்ணும் செய்யலை. அவங்கதான் மெல்லுறாங்க."

"உங்களை வேலையை விட்டு அனுப்ப முடியும், தெரியும்ல?"

"தெரியும். என்னை அனுப்பிட்டா இந்தக் கன்னு பட்டையாயிடுமா?"

 வெய் தாழ்ந்த குரலில் பேசினார். "சரி. டி.என்.ஏ. சோதனை பண்ணுவோம். உங்க தோழியே பண்ணட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாட்டுப் பட்டைதான்னு வந்தா, அன்னைக்கே நீங்க ராஜினாமா எழுதிக் கொடுத்துடணும்."

"எழுதித் தரேன். ஆனா சோதனை முடியுற வரைக்கும் ஒரு கன்னு வெளிய போகக் கூடாது. அதையும் எழுதுங்க."

பந்தல் காலிலேயே காகிதத்தை வைத்து இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முடிவு வர ஆறு வாரம் ஆனது. ஊதாப் புள்ளி காட்டிய பதினான்கு கன்றுகளின் இலையும் தைசுங்குக்குப் போயிருந்தன. பெய்ஜுனின் கடிதத்தை வெய்தான் முதலில் பிரித்தார். பதினான்கும் நாட்டுப் பட்டை. ஒன்றுகூட மாறவில்லை.

லான்மொய்யைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, கடிதத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன் வைத்தார். "நான் சந்தோஷப்படலை, லான்மொய். ஆனா பேச்சு பேச்சுதான்."

அவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.  பதினான்கு வருஷத் தட்டும் இந்த நாக்கும் பொய்யா என்று ஒரு கணம் கலங்கிப்போனாள். பிறகு கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. சோதித்தது இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திலிருந்து எடுத்த மரபுப்பொருள் என்று அதில் எழுதியிருந்தது.

"ஒரு போன் பண்ணிக்கிறேன்."

வெய் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார்.

"பெய்ஜுன், நான்தான். நீ பாத்த இந்தப் பசுங்கணிகம், அது விதைக்கு எங்கிருந்து வருது?"

"தாய்கிட்ட இருந்து. மகரந்தத்துல அது வராது. எளிதா எடுக்கலாம்னு முதல்ல அதைப் பாத்தேன். ஏன்?"

"அப்ப நீ அம்மா யாருன்னு மட்டும்தான் பாத்திருக்கே."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயோ, லான். ஆமாம்" என்றாள் பெய்ஜுன்.

லான்மொய் தொலைபேசியை வைத்துவிட்டு வெள்ளைத் தாளை வெய் பக்கம் திருப்பித் தள்ளினாள். "இந்தக் கன்னுங்களோட அம்மா யாருன்னு எனக்கே தெரியும், தலைவரே. நான் நட்ட மரங்கதானே. அப்பன் யாருன்னு யாரும் கேக்கலையே. அதுக்குப் பதில் வரட்டும், அப்புறம் எழுதறேன்."

"இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

"பதில் பாதியா வந்தா மீதியைக் கேக்கத்தான் செய்வேன்."

அடுத்த சோதனை, தாயும் தகப்பனும் பாதிப் பாதி தரும் உட்கருவின் மரபுப்பொருளில். மே மாதக் கடைசியில் பெய்ஜுன் ஒரு கட்டுக் காகிதத்தோடு நேரிலேயே வந்தாள். யுன்ஃபாட்டின் பட்டறையில், அரிசி நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, காகிதங்களைத் தரையில் விரித்தார்கள். மலை மலையாக நிறக்கோடுகள். ஒவ்வொரு மேடும் மரபுப்பொருளின் ஒரு எழுத்து.

"சரியா வரலை, லான். பாதி இடத்துல ஒரு மேட்டுக்குள்ள இன்னொரு மேடு கிடக்கு. அழுக்குன்னு நினைக்கிறேன். ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டிருக்கும். மூணு தரம் பண்ணிட்டேன், மூணு தரமும் இதே கதை."

லான்மொய் முட்டி போட்டு, ஒரு காகிதத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே விரலை ஓட்டினாள்.

"அழுக்கு ஒவ்வொரு தரமும் ஒரே இடத்துலயா உக்காரும்?"

பெய்ஜுன் குனிந்தாள். இரட்டை மேடுகள் மூன்று தடவையிலும் அதே பதினேழு இடங்களில் இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை.

"இது அழுக்கு இல்லை" என்றாள் லான்மொய். "ரெண்டு பேர் குரல். ஒண்ணு எங்க மரத்துது. இன்னொண்ணு யாரோடது?"

அதற்குப் பதில் பெய்ஜுனின் பையிலேயே இருந்தது. பட்டை இனங்கள் எல்லாவற்றின் எழுத்து வரிசையும் அவளிடம் பட்டியலாக இருந்தது. பதினேழு இடத்திலும் பொருந்தியது ஒன்றே ஒன்று: கடல் கடந்து வந்த சீமைப் பட்டை. பார்வைக்கு நாட்டுப் பட்டையின் கூடப்பிறந்ததுபோல இருக்கும். காய் காய்த்தால்தான், அதன் அடியைத் தாங்கும் கிண்ணத்தின் விளிம்பு பல் பல்லாக இருப்பதை வைத்துப் பிரித்துச் சொல்லலாம்.

"இந்த மலையில சீமைப் பட்டையே கிடையாதே" என்றாள் பெய்ஜுன்.

லான்மொய் எழுந்து நின்றாள். யுன்ஃபாட்டின் ஸ்கூட்டரை எடுத்தாள். பெய்ஜுன் பின்னால் தொற்றிக்கொண்டாள். நாற்றங்கால் வாசலில், சாலையின் இரு பக்கமும் நாற்பது பெரிய மரங்கள் கிளை கோத்து நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் 'நாட்டுப் பட்டை' என்று பித்தளைப் பலகை. பதிமூன்று வருஷமாகத் தினமும் இரண்டு தரம் அவற்றின் நிழலில்தான் அவள் போய் வந்தாள். ஒரு நாளும் ஒரு இலையைக் கிள்ளியதில்லை. நீளக் கழி ஒன்றால் ஒரு கிளையை இழுத்து முறித்தாள். போன வருஷத்துக் காய்க்காம்பு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் ஆறு பல்.

"பலகையை நம்பிட்டேன், பெய்ஜுன். அறுபது மரத்தைச் சந்தேகப்பட்டவ இந்த நாப்பதை நம்பிட்டேன்."

அந்தக் கோடையில் மேலிடத்துக் கூட்டம் நடந்தது. பெய்ஜுன் தட்டுகளையும் காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள்: ஊதாப் புள்ளி வந்த கன்றுகளிலெல்லாம் இரட்டை மேடு, புள்ளி வராதவற்றிலும் ஆறு கன்றுகளில் இரட்டை மேடு. நாக்கும் தட்டும் பிடித்ததைவிடக் கலப்பு அதிகம் என்று அவள் சொன்னபோது லான்மொய்க்கே அது புதுச் செய்தி. கேள்வி நேரத்தில் ஒரு அதிகாரி, விதைத் தோப்பை வாசல் மரங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்தது யார் என்று கேட்டார். வெய் தலையைக் குனிந்தார். பின்வரிசையில் லான்மொய் எழுந்தாள்.

"நான். தண்ணி பக்கத்துல இருந்துச்சு, மண்ணு நல்லா இருந்துச்சு. தகப்பனைப் பத்தி யோசிக்கலை. அதை அறிக்கையில எழுதுங்க, என் பேர் போட்டே எழுதுங்க. ஆனா ரெண்டாவது வரியையும் எழுதுங்க: அந்த நாப்பது மரத்தையும் வெட்டணும்."

கன்றுகளை அழிக்க உடனே ஒப்புக்கொண்டார்கள். மரங்களைத் தொட யாருக்கும் மனமில்லை. கல்யாணப் படம் எடுக்க ஜோடிகள் வரும் சாலை அது. கீழ்த்தெருக் கடைக்காரர்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். லான்மொய்யின் வீட்டுச் சுவரில் யாரோ 'மரக்கொலைகாரி' என்று எழுதினார்கள். அவள் அதை அழிக்கவில்லை. "எழுத்து அழகா இருக்கு, இருக்கட்டும்" என்றாள். குருவிகள் அந்தக் காய்களைத் தின்று முகடு வரை எச்சமிடுவதையும், முகட்டில் முளைத்த கன்றுகளில் கிள்ளிய இலை ஜில்லென்று இருப்பதையும் தாஹெஸ் கண்டுபிடித்து வந்து சொன்னான். தன் முந்நூறு மரங்களைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்பத்தொரு மலை விவசாயிகளின் கைநாட்டோடு அவனும் ஒரு மனு எழுதினான். வருஷம் ஒன்றரை இழுத்தது. அவள் மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், பதினெட்டுக் கடிதம். பத்தொன்பதாவதற்கு முன்னால் வெட்டும் உத்தரவு வந்தது.

வெட்டுகிற காலையில் யுன்ஃபாட்டும் ஒரு ரம்பத்தோடு போனான். வாசல் பக்கமாக ஐந்தாவது மரத்தருகே வெய் நின்றுகொண்டிருந்தார்.

"இது நான் நட்டது" என்றார் லான்மொய்யிடம். "இருபத்திரண்டு வயசுல. கப்பல்ல வந்த விதைமூட்டைமேல நாட்டுப் பட்டைன்னுதான் எழுதியிருந்தாங்க."

"எனக்குத் தெரியாது, தலைவரே."

"தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பித்தளைப் பலகையைத் தானே திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் அவர்கள் இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

பதினொரு தாய்மரங்களும் தப்பின. அவை சுத்தமானவை; கெட்டது விதைதான். அதனால் விதையை விட்டுவிட்டுப் போத்து வைத்துக் கன்று எடுக்கும் முறைக்கு லான்மொய் மாறினாள். வேலை மூன்று மடங்கு, கன்று மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு. அவற்றுக்கு அட்டை கட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருஷம் பெய்ஜுன் தன் ஆய்வுக் கட்டுரையின் வரைவை அனுப்பினாள். கடைசிப் பக்கத்தில் 'களப்பணி உதவிக்காகத் திருமதி பாங் லான்மொய்க்கு நன்றி' என்று இருந்தது. லான்மொய் போன் பண்ணினாள்.

"உன் நன்றியை நீயே வச்சுக்கோ. தட்டு ஓட்டினது யாரு? அப்பன் யாருன்னு கேட்டது யாரு? அழுக்கு இல்லைன்னு சொன்னது யாரு?"

"லான், பட்டம் இல்லாதவங்க பேரைப் போட்டா கேள்வி வரும்..."

"வரட்டும், பதில் சொல்லு. இல்லைன்னா என் தட்டுப் படங்களை எடுத்துட்டு அச்சடி."

தட்டுப் படங்கள் இல்லாமல் கட்டுரை பாதி. இரண்டு நாள் பெய்ஜுன் போன் பண்ணவில்லை. மூன்றாம் நாள் திருத்திய வரைவு வந்தது. இரண்டாவது பெயராக பாங் லான்மொய். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'இருபது வயசுலயும் நீ இப்படித்தான்.'

நாலாம் நிலை ஊழியராகவே அவள் ஓய்வு பெற்றாள். கடைசி வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு நல்ல மனசுக்காரப் பையன் வந்தான். அவளுடைய பணிக் கோப்பில் 'உத்தரவை மீறியவர்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அதனால்தான் நிலை உயர்வு கிடைக்காமல் போயிருக்கிறது, 'அன்று நடந்தது தவறு' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் குறிப்பை நீக்கிவிடலாம், ஓய்வூதியமும் கொஞ்சம் கூடும் என்றான். தாளையும் நீட்டினான்.

லான்மொய் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, அந்தக் கோப்புல எழுதியிருக்கிறது உண்மைதான். மீறினேன். அதை எடுத்துட்டா, நான் இங்க இத்தனை வருஷமா என்ன செஞ்சேன்னு யாருக்குத் தெரியும்? இருக்கட்டும், எடுக்காதீங்க."

அவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் சாலை மொட்டை வெயிலில் கொதித்தது. எதிரே நடந்து வந்த கடைக்காரர் ஒருவர், நிழல் போச்சே என்று அவள் காதில் விழும்படி திட்டிக்கொண்டு போனார். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையின் நடுவிலேயே நடந்தாள்.